விஜயமங்கலம் டோல் தாண்டி நின்ற புதுக் கார்

2025 செப்டம்பர் 22-க்கு அப்புறம் வாரத்துக்கு இரண்டு பேராவது போன் செய்து கேட்டுவிடுகிறார்கள். "ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சுங்களே, பெரிய வண்டி இப்ப எடுக்கலாங்களா? உங்க வண்டி எப்படிங்க, பிரச்சினை இல்லாம ஓடுதுங்களா?" வரி குறைந்தது உண்மைதான். என்னுடையது போன்ற 2 லிட்டர் பெட்ரோல் செடானுக்கு முன்பு 28 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 20 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி. 2025 செப்டம்பர் 22-லிருந்து செஸ் போய் மொத்தமே 40 சதவீதம். அறுபது லட்ச ரூபாய் வண்டியில் மூன்று லட்சத்துக்கு மேல் குறையும். இது வரைக்கும் போனிலேயே சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை, அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

கம்பெனி பெயரும் டீலர் பெயரும் எழுதவில்லை. வேறு வேறு கம்பெனி வண்டி வைத்திருக்கும் ஈரோடு, திருப்பூர், கரூர் நண்பர்களோடு பேசிப் பார்த்ததில் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் இதேதான் நடந்திருக்கிறது. ஒரு பெயரை மட்டும் எழுதிவிட்டால் "அந்தக் கம்பெனி வேண்டாம், இந்தக் கம்பெனி எடுத்துக்கலாம்" என்று முடிவு செய்துவிடுவார்கள். நான் சொல்ல வருவது அது இல்லை.

2024 தை மாதம் எடுத்தோம். அம்மாவுக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை, மாதம் ஒரு தடவை கோயமுத்தூர் மருத்துவமனைக்குப் போய் வரவேண்டும், பழைய வண்டியில் போய்விட்டு வந்தால் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஷோரூம் விலை 62 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை ஏற்றியிருந்தார்கள், 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 20 சதவீதம், ஆக ஆர்டிஓவுக்கு மட்டும் 12 லட்சத்து 40 ஆயிரம். இன்சூரன்ஸ், 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் பிடித்துக் கட்டும் வருமான வரி), சர்வீஸ் பேக்கேஜ், அது இது என்று ரோட்டுக்கு வந்தபோது 79 லட்சத்தைத் தொட்டது. சென்னிமலை பெட்ஷீட் வியாபாரத்தில் இருபத்திரண்டு வருஷம் உழைத்துச் சேர்த்த காசு.

வண்டியைக் குறை சொல்லிக்கொண்டே போகவும் எனக்கு மனசில்லை. முதல் தடவை கோயமுத்தூர் போனபோது அம்மா பெருந்துறை தாண்டுவதற்கு முன்னால் தூங்கியவர் நீலாம்பூரில்தான் கண் விழித்தார். "வந்துட்டமா கண்ணு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே கொடுத்த காசு தகும் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். சீட், சஸ்பென்ஷன், நூறில் போகும்போது உள்ளே இருக்கும் அமைதி, எல்லாமே அவர்கள் சொன்னபடிதான் இருந்தது.

மார்ச்சில் நடுவில் இருக்கும் பெரிய ஸ்கிரீன் திடீர் திடீரென்று கறுப்பாகப் போக ஆரம்பித்தது. ரிவர்ஸ் கேமரா வராது, ஏசியைக் கூட்டக் குறைக்க முடியாது, ஏனென்றால் எல்லா பட்டனும் அந்த ஸ்கிரீனுக்குள்தான் இருக்கிறது. இரண்டு நாள் வொர்க்ஷாப்பில் வைத்து சாஃப்ட்வேர் ஏற்றிக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. இப்போது வரும் பெரும்பாலான வண்டிகளில் இஞ்சின், கியர்பாக்ஸைவிட இந்த ஸ்கிரீனும் போன் இணைப்பும்தான் அதிகம் படுத்துகிறது, அதனால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூனில் நடந்தது வேறு. அன்றைக்கு செக்கப் முடிய மாலையாகிவிட்டது, அப்படியே பீளமேட்டில் ஒரு ரிசப்ஷனுக்கும் தலை காட்டிவிட்டுக் கிளம்பினோம். அப்பா முன்னால், அம்மாவும் வீட்டுக்காரியும் பின்னால். ஓடியது 4,300 கிலோமீட்டர். செங்கப்பள்ளி தாண்டியதும் மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது, பவர்டிரெயினில், அதாவது இஞ்சின், கியர்பாக்ஸ் பகுதியில் கோளாறு, நிதானமாக ஓட்டவும் என்று. விஜயமங்கலம் டோலில் ஃபாஸ்டேக் அடித்து வெளியே வந்தபோது பேட்டரி படம் சிவப்பாக எரிந்தது. அடுத்த மூன்று கிலோமீட்டருக்குள் முதலில் ஏசி நின்றது, அப்புறம் ஸ்கிரீன், அப்புறம் ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகியது, ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்தது. எப்படியோ இடது ஓரம் ஒதுக்கி நிறுத்திவிட்டேன். நிறுத்தியதும் எல்லாமே அணைந்துவிட்டது. மணி ஒன்பது நாற்பது. ஹசார்டு லைட்டும் எரியவில்லை. பின்னால் கேரளா லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கறுப்புக் கலர் வண்டி, ஒரு வெளிச்சமும் இல்லாமல் நெடுஞ்சாலை ஓரத்தில். முதலில் மூன்று பேரையும் இறக்கி ரோட்டோரக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தேன், செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் காட்டியபடி நானும் அப்பாவும் மாறி மாறி நின்றோம். அம்மாவால் நிற்க முடியவில்லை, வீட்டுக்காரி தன் சால்வையைத் தரையில் விரித்து உட்கார வைத்தாள்.

ரோட்சைடு அசிஸ்டன்ஸ் நம்பருக்கு அடித்தேன். இந்தியும் ஆங்கிலமும்தான். பக்கத்தில் என்ன லேண்ட்மார்க் என்று மூன்று தடவை கேட்டார்கள். கிலோமீட்டர் கல்லைப் போய்ப் பார்த்து நம்பர் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது கொக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கும் ரெக்கவரி வண்டி. என்னுடையது பின் சக்கரத்தில் ஓடும் ஆட்டோமேட்டிக். முன்பக்கத்தைத் தூக்கிப் பின் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று மேனுவலிலேயே எழுதியிருக்கிறது. வந்த தம்பியே பார்த்துவிட்டு, "இதை நான் தூக்குனா நாளைக்கு உங்களுக்கும் நஷ்டம், எனக்கும் கெட்ட பேருங்க. வண்டியை மேலயே ஏத்திட்டுப் போற ஃபிளாட் பெட் அனுப்பச் சொல்லுங்க"ன்னு சொல்லிவிட்டுப் போகாமல் கூடவே நின்றார். தன் வண்டியின் சுழல் விளக்கைப் போட்டு எங்கள் காருக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். அந்த விளக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஃபிளாட் பெட் வந்தபோது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. இந்தக் காலத்து வண்டியில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரவே கரண்ட் வேண்டும், கை பிரேக்கும் மின்சாரத்தில்தான் விடும். பேட்டரி செத்துவிட்டால் பின் சக்கரம் இரண்டும் பூட்டு போட்ட மாதிரி. ஃபிளாட் பெட் கொண்டுவந்த அண்ணன் பானெட்டைத் திறந்து, அதற்கென்று இருக்கும் முனையில் ஒரு ஜம்ப் ஸ்டார்ட் பெட்டியை மாட்டி, ஸ்கிரீன் உயிர் பெற்ற அந்த அரை நிமிடத்துக்குள் "இப்பப் போடுங்க நியூட்ரல், டக்குனு" என்றார். போட்டேன். அப்புறம் தன் சீட்டுக்கு அடியிலிருந்து நான்கு மரப் பலகைகளை எடுத்து, சாய்வுத் தட்டின் அடியில் இரண்டு இரண்டாக அடுக்கினார், இல்லாவிட்டால் முன் பம்பர் உரசும். விஞ்சில் இழுக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பம்பருக்கும் தட்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு கீறல் விழவில்லை. அன்றைக்கு ராத்திரி எங்களைக் கவனித்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். நாங்கள் சித்தோட்டிலிருந்து என் தம்பியை அழைத்து அவன் வண்டியில் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை.

புது வண்டி நின்றுவிட்டது என்பதற்காக நான் கோபப்படவில்லை. இயந்திரம்தானே. நெய்கிற தறியும் நிற்கிறது. அப்புறம் நடந்ததைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

வண்டி கோயமுத்தூர் வொர்க்ஷாப்பில் பதினோரு நாள் நின்றது. நாமாக போன் செய்தால்தான் பதில். "டயக்னோசிஸ் போயிட்டிருக்கு சார்." "கம்பெனிக்குப் புகார் டிக்கெட் போட்டிருக்கோம் சார்." அவர்களாக ஒரு தடவையும் கூப்பிடவில்லை. பதினோராவது நாள் "ரெடி சார், சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு" என்றார்கள். என்ன கெட்டுப்போயிருந்தது என்று கேட்டேன். "ஃபால்ட் எதுவும் இல்ல சார், சாஃப்ட்வேர்தான்." என்ன புகார், என்ன வேலை செய்தார்கள் என்று எழுதும் ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தேன். வாடிக்கையாளர் எச்சரிக்கை விளக்கு எரிந்ததாகச் சொன்னார், சோதித்ததில் குறை எதுவும் தென்படவில்லை, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது, ஓட்டிப் பார்த்ததில் சரியாக இருக்கிறது. அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் வண்டி செத்துப்போய் ஃபிளாட் பெட்டில் ஏற்றிக்கொண்டு வந்தோம் என்று ஒரு சொல் இல்லை. நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் காகிதத்தில் என் வண்டி வெறும் விளக்கு எரிந்த வண்டிதான். "ரன்னிங்கில் நின்றது, டோ செய்து கொண்டுவரப்பட்டது" என்று எழுதினால்தான் எடுப்பேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. எழுதிக் கொடுத்தார்கள்.

இருபத்து மூன்று நாள். மறுபடி அதே மஞ்சள், அதே சிவப்பு. இந்தத் தடவை ஈரோடு பெருந்துறை ரோட்டில், நான் மட்டும் இருந்தேன். ஸ்கிரீன் அணைவதற்குள் போட்டோ எடுத்துக்கொண்டேன், கிலோமீட்டர் தெரிகிற மாதிரி.

இரண்டாம் தடவை அட்வைசர், அதாவது வொர்க்ஷாப்பில் நம்மிடம் பேசும் ஆள், மாறிவிட்டார். பழையவர் எங்கே என்றால் "ரிலீவ் ஆயிட்டார் சார்." புதியவருக்கு முதலிலிருந்து கதை சொன்னேன். நான்காம் நாள் போன் வந்தது. "சார், எலி வயரைக் கடிச்சிருக்கு. எலி கடி வாரண்டில வராது, இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம்." நம் ஊரில் எலி கடிப்பது நிஜம்தான், நானும் பானெட்டுக்குள் புகையிலை கட்டி வைத்திருக்கிறேன், அதனால் முதலில் நம்பிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் சந்தேகம் தோன்றியது. நேரே கிளம்பிப் போய், எந்த வயர், காட்டுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் உள்ளே போனார்கள், வந்தார்கள், டெக்னீஷியன் லீவு என்றார்கள். காத்திருந்தேன். கடைசி வரை கடித்த வயர் என்று ஒன்றை யாரும் காட்டவில்லை. அடுத்து பெட்ரோல் மேல் போனார்கள், எத்தனால் கலந்த பெட்ரோலால் இருக்கலாம் என்று. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் போடலாம் என்று கம்பெனியே ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருக்கிறது. அதைக் காட்டினேன், பேச்சு நின்றது.

அன்றைக்கு மாலைதான் ஒரு சீனியர் டெக்னீஷியன் வெளியே வந்தார், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். பெயரைப் போட்டால் அவருக்குத் தொந்தரவு. கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க சார், உள்ளயே வந்து பாருங்க" என்று ராம்ப் வரைக்கும் கூட்டிப் போனார். கோளாறு வரும்போது வண்டி தானாகப் பதிந்து வைக்கும் குறியீடுகளின் வரலாற்றைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். ஒரே குறியீடு, முதல் தடவையும் பதிவாகியிருக்கிறது, இரண்டாம் தடவையும். சாஃப்ட்வேர் ஏற்றும்போது அழித்திருக்கிறார்கள், திரும்ப வந்திருக்கிறது. பிறகு பொறுமையாக விளக்கினார். இந்த வண்டியில் இரண்டு மின் அமைப்பு. பழைய வண்டியில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக 48 வோல்ட்டில் ஒரு ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர், அதற்குத் தனி லித்தியம் பேட்டரி. ஆனால் லைட், ஸ்கிரீன், ஸ்டீயரிங், இஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் வழக்கமான 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. 48-ஐ 12 ஆகக் குறைத்துக் கொடுக்க நடுவில் ஒரு கன்வர்ட்டர். "அந்தக் கன்வர்ட்டர் நின்னு நின்னு போகுதுங்க. அது நின்னா 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் போகாது. பேட்டரில இருக்கிற வரைக்கும் வண்டி ஓடும், தீந்தா எல்லாம் ஒண்ணொண்ணா அணைஞ்சுரும்." விஜயமங்கலத்தில் என் கண் முன்னால் நடந்ததை வரிசை மாறாமல் அப்படியே சொன்னார். ஒன்றரை மாதமாக யாரும் சொல்லாத பதில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

முதல் தடவையே ஏன் மாற்றவில்லை என்று அவரிடமே கேட்டேன். மழுப்பாமல் சொன்னார். வாரண்டி வேலைக்கு டீலருக்குக் காசு கொடுப்பது கம்பெனி. இன்ன வேலைக்கு இவ்வளவு மணி நேரம், இவ்வளவு கூலி என்று வரையறை இருக்கிறது. விலை கூடின பார்ட்டை மாற்ற முன் அனுமதி வேண்டும், மாற்றிய பழைய பார்ட்டைத் திருப்பி அனுப்பினால் அதைச் சோதித்து, கெட்டுப்போகவில்லை என்று தெரிந்தால் கிளெய்மை மறுத்துவிடுவார்கள், நஷ்டம் டீலர் தலையில். அதனால் செலவில்லாத வழியாகிய சாஃப்ட்வேரைத்தான் முதலில் முயல்வார்கள். எலி, பெட்ரோல் என்று வெளிக் காரணம் கிடைத்தால் அதுவும் அவர்களுக்கு நிம்மதி. இந்தக் கன்வர்ட்டர் மாதிரிப் பொருளை எந்த டீலரும் அலமாரியில் வாங்கி வைத்திருப்பதில்லை. நாடு முழுக்க வருஷத்துக்கு ஐம்பதாயிரம் அளவில்தான் சொகுசு கார் விற்கிறது, மொத்தக் கார் விற்பனையில் நூற்றுக்கு ஒன்று, அதிலும் எத்தனை கம்பெனி, எத்தனை மாடல். எனவே கேட்ட பிறகுதான் பார்ட் வரும், அதுவும் வெளிநாட்டிலிருந்து. வந்தாலும் அதை மாட்டினால் மட்டும் போதாது, இந்த வண்டியின் சேசிஸ் நம்பரோடு ஆன்லைனில் கோடிங் செய்யவேண்டும், அதற்குப் பயிற்சி பெற்றவர் அந்த வொர்க்ஷாப்பில் இரண்டே பேர்.

இதையெல்லாம் ஒரு வியாபாரியாக என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் பெட்ஷீட்டில் சாயம் இறங்கினால் அது நூல் மில்லின் தப்பா, சாயப்பட்டறைத் தப்பா, வாங்கியவர் வெந்நீரில் ஊற வைத்தாரா என்று நாங்கள் அப்புறம்தான் பார்ப்போம். வாங்கிய கரூர்க்காரர் போன் செய்தால் முதலில் அந்த மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். 300 ரூபாய்ப் பெட்ஷீட்டுக்கே இதுதான் முறை என்று அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

பார்ட் வர ஆன நாளையும் சேர்த்து முப்பத்து நான்கு நாள். முதல் வாரம் மாற்று வண்டி கொடுக்கவில்லை, "அவைலபிலிட்டி இல்ல சார்." பிறகு ஒரு நண்பர் சொன்னபடி மெயில் எழுதினேன். கோபமாக ஒரு வரிகூட இல்லாமல், தேதி, கிலோமீட்டர், ஜாப் கார்டு நம்பர், யார் என்ன சொன்னார் என்று வரிசையாக. டீலரின் சர்வீஸ் ஹெட்டுக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மெயிலில் அனுப்பினேன், அம்மாவின் அடுத்த செக்கப் தேதியையும் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் போன் வந்தது, மறுநாள் வீட்டு வாசலில் மாற்று வண்டி. போனில் இருபது தடவை கேட்டு நடக்காதது ஒரு மெயிலில் நடந்தது. இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: பேசுவதை எல்லாம் எழுத்தில் வையுங்கள்.

இந்த இடத்தில் லெக்சஸ் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டொயோட்டா 1989-ல் அமெரிக்காவில் லெக்சஸ் எல்எஸ் 400 என்ற செடானைக் கொண்டுவந்தது, புதுப் பெயர், யாருக்கும் தெரியாது. விற்க ஆரம்பித்துச் சில மாதம்தான், டிசம்பரில் வயரிங்கிலும் பின்பக்கப் பிரேக் லைட்டிலும் குறை என்று இரண்டு புகார் வந்தது. அவர்கள் விற்ற எட்டாயிரம் வண்டிகளையும் திரும்ப அழைத்தார்கள். அழைத்தார்கள் என்றால் வாடிக்கையாளரை வரச் சொல்லவில்லை. வீட்டுக்கே ஆள் அனுப்பி வண்டியை எடுத்துப்போய், சரி செய்து, கழுவி, டேங்கை நிரப்பித் திருப்பி விட்டார்கள். டீலர் இல்லாத தூரத்து ஊர்களுக்கு டெக்னீஷியனை விமானத்தில் அனுப்பி, அங்கே ஒரு கேரேஜை வாடகைக்கு எடுத்து வேலை பார்த்தார்கள். இருபது நாளில் முடித்தார்கள். புது வண்டியிலேயே குறை என்ற செய்தி அவர்கள் பெயரைக் கெடுத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு, லெக்சஸ் என்றால் சர்வீஸ் என்ற பேச்சு அன்றைக்குத்தான் பிறந்தது. ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் நூறு கிலோமீட்டர். இந்த நூறு கிலோமீட்டரை யார் கடப்பது, வாங்கியவரா விற்றவரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நண்பர்கள் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் செய்யும் நண்பருக்கு வேறு கம்பெனி செடான், ஏர் சஸ்பென்ஷன் காலையில் ஒரு பக்கம் இறங்கி நிற்கும். அவருக்குக் கிடைத்த அட்வைசர் நல்லவர், தானே வந்து வண்டியை எடுத்துப்போய் நாலு நாளில் முடித்துக் கொடுத்தார், நண்பர் அடுத்த வண்டியும் அங்கேயே புக் செய்திருக்கிறார். சேலத்தில் ஒரு டாக்டர் ஐந்து வருஷமாகக் கேம்ரி ஹைப்ரிட் ஓட்டுகிறார், ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை, ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் வாரண்டி, சர்வீஸ் சென்டர் உள்ளூரிலேயே. உட்கார்ந்தால் என் வண்டி அளவுக்கு சொகுசு இல்லை என்று அவரே சொல்கிறார். அவருக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும், பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்ப வேண்டும், அதுதான் அவருக்கு சொகுசு.

சட்டம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் லெமன் லா இருக்கிறது, கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே கொண்டுவந்துவிட்டது, சிங்கப்பூரில் 2012-லிருந்து இருக்கிறது. புது வண்டியில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் மாற்று வண்டியோ பணமோ கேட்கலாம். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். உற்பத்திக் குறை என்றால் நிபுணர் அறிக்கை கேட்பார்கள், அப்போது ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் நம் கையில் இருக்கும் சாட்சி. கம்பெனி பெயரில் வண்டி எடுத்தவர்கள் "நமக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்று விட்டுவிடுகிறார்கள், நம் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் எடுக்கிறார்கள். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காக நிறுவனம் வாங்கிய சொகுசுக் கார், வணிக நோக்கத்துக்கு வாங்கியது ஆகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கேஸுக்குப் போகும் முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிடலாம், காசு கிடையாது. என் விஷயம் அந்த அளவுக்குப் போகாமல் முடிந்தது.

எடுக்கப்போகிறவர்கள் ஷோரூமில் காபி குடிப்பதற்கு முன்னால் வொர்க்ஷாப்புக்குப் போய் உட்காருங்கள். திங்கள்கிழமை காலை ஒன்பதரைக்குப் போங்கள், வார இறுதியில் நின்ற வண்டியெல்லாம் அன்றைக்குத்தான் வந்து சேரும். ஒரு மணி நேரம் இருந்தால் போதும், அட்வைசர்கள் எப்படிப் பேசுகிறார்கள், காத்திருப்பவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள், நம் ஊர் மக்கள் மறைக்க மாட்டார்கள். இத்தனை நாளுக்கு மேல் வண்டி நின்றால் மாற்று வண்டி தருவோம் என்பதை புக்கிங் ஃபாரத்திலேயே எழுதி வாங்குங்கள், விலை பேசும் நேரத்தில் எதையும் எழுதித் தருவார்கள், டெலிவரிக்கு அப்புறம் தரமாட்டார்கள். டெலிவரி அன்றைக்கே நியூட்ரல் போடும் முறையையும் ஜம்ப் ஸ்டார்ட் முனை எங்கே இருக்கிறது என்பதையும் காட்டச் சொல்லுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள், என்னுடையதில் இல்லை, ரன் ஃபிளாட் டயர். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்பார்கள், ஆனால் பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது, போன அக்டோபரில் ஒரு குழியில் விழுந்து ஒரு டயருக்கு 34 ஆயிரம் கொடுத்தேன்.

கன்வர்ட்டர் மாற்றி 2024 செப்டம்பர் முதல் வாரம் வண்டி வந்தது. இன்றைக்கு ஓடியது 26 ஆயிரம். அந்தக் கோளாறு திரும்ப வரவே இல்லை. இரண்டு வருஷத்தில் மொத்தம் 51 நாள் வொர்க்ஷாப்பில் நின்றிருக்கிறது, அதில் 45 நாள் அந்த ஒரு கோளாறுக்கு மட்டும். அம்மா இப்போதும் பெருந்துறைக்குள் தூங்கிவிடுகிறார். கோயமுத்தூர் அவினாசி ரோடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரமும் குறைந்திருக்கிறது. ராத்திரியில் திரும்பும்போது மட்டும் செங்கப்பள்ளியிலிருந்து என் கண் தானாக மீட்டருக்குப் போய்விடுகிறது. அப்பா அதைக் கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பார். டிக்கியில் ஒரு ஜம்ப் ஸ்டார்ட் பெட்டியும், எதிரொளிக்கும் முக்கோணம் கூடுதலாக இரண்டும், மடக்கு நாற்காலி ஒன்றும் நிரந்தரமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு சின்னச் சத்தத்துக்காக அந்த டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். "நான் அங்க இல்லைங்க சார், கொச்சிக்கு வந்துட்டேன், வேற கம்பெனி" என்றார். சத்தத்தைப் போனிலேயே கேட்டுவிட்டு, முன்பக்க இடது கதவு ரப்பரைப் பார்க்கச் சொன்னார், அதுதான். அடுத்த சர்வீஸ் மார்ச்சில் வருகிறது. யாரைக் கேட்டு வண்டியை விடுவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கோயமுத்தூரில் யாருக்காவது நல்ல ஆள் தெரிந்தால் சொல்லுங்கள்.